பனடோலும் பிள்ளையின் முட்டும்

பனடோல் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இருக்காது. அரிசி முடிந்த வீடு இருக்கும், மண்ணெண்ணெய் இல்லாத வீடு இருந்திருக்கிறது. ஆனால் சாமித்தட்டில், கைப்பையில், சீலைத் தலைப்பு முடிச்சில் என்று எங்காவது இரண்டு குளிசை கிடக்கும். கடையில் யாரும் பரசிற்றமோல் என்று கேட்பதில்லை. எந்தக் கம்பனி செய்தாலும் எங்களுக்கு அது பனடோல்தான். தலையிடி, நாரிப்பிடிப்பு, வயலில் குனிந்து நிமிர்ந்த உழைவு, மாதவிடாய் வலி எல்லாவற்றுக்கும் அதுதான். சில பெண்கள் நித்திரை வராததற்கும் அதையே விழுங்குகிறார்கள்.

படுவான்கரைக் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு நான் வேலை செய்யத் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. குழுக்கூட்டத்துக்கென்று ஒரு நிகழ்ச்சிநிரல் இருக்கும்: சேமிப்பு, கடன், கோழிக்குஞ்சு. உண்மையான பேச்சு தேநீர் வந்த பிறகுதான் தொடங்கும். அப்படித் தொடங்கிய ஒரு பேச்சைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வாவிக்கு இருபுறமும் உள்ள பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது என்பது பிறகு எனக்குத் தெரிந்தது.

2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், கர்ப்பிணிகள் பரசிற்றமோலைத் தவிர்க்க வேண்டும், அதற்கும் பிள்ளைகளின் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கிறது என்று பேசினார். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனேயே சொன்னது. அந்த மறுப்பு எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. பேச்சு மட்டும் போனுக்குப் போன் தாவி வந்தது. வரும் வழியில் ஓட்டிசத்தோடு முட்டு, வலிப்பு, ஊனம் என்று இன்னும் சில வருத்தங்களும் அதில் ஒட்டிக்கொண்டன.

கூட்டத்தில் ஒரு தங்கச்சி, ஆறு மாதக் கர்ப்பிணி, இரண்டு நாட்காய்ச்சலோடு இருந்தாள். முகம் சிவந்திருந்தது. "பனடோல் போட்டியா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், அது பிள்ளைக்குக் கூடாதாம், போன்ல வந்த" என்றாள். கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மூலையில் ஒரு அக்கா இருந்தா. அதுவரை வாய் திறக்காதவ. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் செல்லடிக்குள் வெளிக்கிட்டு எழுவான்கரைப் பக்கம் கூடாரங்களுக்கு வந்த நேரம் அவவுக்கு ஏழு மாதம். முன்னைய சண்டையொன்றில் பட்ட சன்னத்துண்டு அவவின் இடுப்பில் இன்றைக்கும் இருக்கிறது. தரப்பாள் கூடாரத்தில், வெறுந்தரையில், அந்த இடுப்போடும் வயிற்றோடும் படுத்திருக்கிறா. காலையில் இரண்டு, இரவில் இரண்டு பனடோல். பிள்ளை பிறக்கும் வரை அப்படித்தான் போனது. மகனுக்கு இரண்டு வயதில் முட்டு தொடங்கியது. இப்போது அவனுக்கு 18 வயது. இன்னும் மாரி வந்தால் இழுப்புத்தான். "நீ கண்ட கண்ட குளிசையக் குடிச்சுத்தான் என்ட பேரனுக்கு இந்த வருத்தம்" என்று மாமியார் சொல்லத் தொடங்கி 16 வருடம். "மிஸ், நான் அப்ப கிடந்த கிடைக்கு குளிசை குடியாம என்ன செய்யிற? இப்ப போன்லயும் சொல்றாங்க. மாமி சொன்னது சரிதான் போல" என்றா.

நான் வைத்தியர் அல்ல. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஆனால் இரண்டு விடயங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்லலாமா, கூடாதா என்பது எங்களுக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று. ஆகவே தேடிப் படித்தேன். விளங்காத இடங்களைப் படித்த வைத்தியர்களிடம் கேட்டேன்.

முதலில் தெரிந்துகொண்டது, மாமியார் வெறும் வாயால் அடித்துவிட்ட கதை அல்ல இது என்பதுதான். உலகத்தில் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டிருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில், காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து என்று கண்டு நிறுத்தினார்கள். ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு அரிய வருத்தம் அதனால் வந்தது. ஆஸ்பிரின் போன இடத்துக்குப் பரசிற்றமோல் வந்தது. அதே காலத்தில் பிள்ளைகளுக்கு ஆஸ்மாவும் கூடிக்கொண்டு போனது. சிலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மாரி பிறந்தால் தவளையும் கத்தும், நுளம்பும் பெருகும். தவளை கத்தியதால் நுளம்பு பெருகியதென்று யாரும் சொல்லமாட்டோம். ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்?

இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலும் சுற்றுப்புறத்திலும் 1991, 1992 ஆம் ஆண்டுகளில் பிள்ளை பெறவிருந்த 14,000 க்கு மேற்பட்ட தாய்மாரைப் பதிவு செய்து, பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று முப்பது தாண்டியவர்கள், கிட்டத்தட்ட என்னுடைய வயதுக்காரர். அந்தத் தாய்மாரிடம் எப்போதெல்லாம் பரசிற்றமோல் குடித்தீர்கள் என்று கர்ப்ப காலத்திலேயே கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். 2002 இல் வெளிவந்த முடிவு இது: கர்ப்பத்தின் பிற்பகுதியில், அதாவது 20 முதல் 32 கிழமைக்குள், அநேகமாக ஒவ்வொரு நாளும் குடித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு மூன்று வயதளவில் இழுப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. எப்போதாவது குடித்தவர்களுக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை.

இரண்டு மடங்கு என்றதும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். அந்த அக்காவிடம் இதைச் சொல்வதா விடுவதா என்று நானும் யோசித்தேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்படி நாளாந்தம் குடித்தவர்கள் 100 தாய்மாருக்கு ஒருவர் அளவில்தான். குளிசைதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுப்பில் 100 இல் ஒரு பங்கைத்தான் அதன் தலையில் கட்டலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். மிச்சம் 99 பங்குக்கும் வேறு காரணம் தேட வேண்டும்.

குளிசைதான் காரணமா என்பதும் முடிந்த கதை அல்ல. ஒரு பெண் நாளாந்தம் பனடோல் குடிக்கிறாள் என்றால் சும்மா குடிக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் இருக்கும், தொற்று இருக்கும், ஓயாத வலி இருக்கும், மனப்பாரம் இருக்கும். அவை ஒவ்வொன்றும் வயிற்றுப் பிள்ளையைத் தொடக்கூடியவை. பிள்ளையின் நெஞ்சைக் கெடுத்தது குளிசையா, குளிசையைக் குடிக்கவைத்த வருத்தமா? டென்மார்க்கில் 66,000 க்கு மேற்பட்ட தாய்மாரை வைத்து 2008 இல் வந்த ஆய்வும் சிறிய ஒரு தொடர்பைக் காட்டியது. நோர்வேயில் 2016 இல் வந்த ஆய்வு, என்ன வருத்தத்துக்காகக் குடித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. அப்படிப் பார்த்த பிறகும் சிறிய தொடர்பு எஞ்சியது, சுமார் 13 சதவீதம். 100 பிள்ளைகளில் 6 பேருக்கு ஆஸ்மா வருகிற ஊரில் அது 7 ஐக்கூடத் தொடாது. ஓட்டிசக் கதைக்கு வந்தால், சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் பிள்ளைகளைப் பார்த்த 2024 ஆய்வு, ஒரே தாயின் பிள்ளைகளையே ஒருவரோடொருவர் ஒப்பிட்டது. ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோது குடித்தாள், மற்றதற்குக் குடிக்கவில்லை. பிள்ளைகளுக்குள் வித்தியாசம் இல்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: மூச்சுப் பிரச்சினை விடயத்தில், நாள்கணக்கில் தொடர்ந்து குடிப்பதைப் பற்றி ஒரு சின்ன சந்தேகம் இருக்கிறது, அது தீரவில்லை. தேவைக்கு இரண்டொரு நாள் குடிப்பதைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ வலியோ வந்தால் வைத்தியர்கள் முதலில் தருவது இன்றைக்கும் பரசிற்றமோல்தான்.

அந்த அக்காவின் மகனின் கதைக்கு வருவோம். பிறிஸ்டலில் கூடாரம் இல்லை. அங்கே எடுத்த கணக்கை இங்கே கொண்டுவந்து வைக்கும்போது எத்தனை விடயம் விடுபடுகிறது பாருங்கள். ஏழு மாத வயிற்றோடு நடந்தவ. நிவாரணச் சாமானோடு சீவித்தவ. பிள்ளை மாதத்துக்கு முந்திப் பிறந்தது, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நிறை குறைந்து, காலத்துக்கு முந்திப் பிறக்கும் பிள்ளைகளுக்கு நெஞ்சு பலமாகி முடிந்திருக்காது. இழுப்பு வர அது பெரிய காரணம். பிறந்ததும் போனது புழுதியும் ஈரமும் புகையும் நிறைந்த கூடாரத்துக்கு. தகப்பன் பீடி குடிப்பவர். எல்லாவற்றுக்கும் மேலே, மாமியாரின் தம்பிக்கும் முட்டு இருந்ததாம். கேட்டுக் கேட்டு வந்தபோதுதான் அதுவும் வெளியே வந்தது. பரம்பரையாக வருகிற வருத்தம் தகப்பன் வழியாலும் வரும் என்பதை எங்கள் ஊரில் பேச்சுக்குக்கூட எடுக்கமாட்டார்கள். பிள்ளைக்கு என்ன வந்தாலும் சுமக்க ஒரு தாய் இருக்கிறாளே.

புகையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். பனடோலைப் பற்றிப் பேச்சு நடக்கிற அதே வீட்டில் அடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓலைக் குசினிக்குள், தாழ்ந்த கூரையின் கீழ், தாய் சமைக்கிறாள். பிள்ளை மடியிலோ முதுகிலோ இருக்கிறது. வீட்டுக்குள் அடைபடும் விறகுப் புகை, சின்னப் பிள்ளைகளுக்கு நியூமோனியா வரும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காஸ் அடுப்புக்கு மாறியிருந்த பல வீடுகள் 2022 இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் விறகுக்குத் திரும்பின. சில வீடுகள் பிறகு மாறவே இல்லை. சிலிண்டர் விலை அப்படி. வாவிக்கரையில் நுளம்பில்லாமல் சீவியம் இல்லை, ஆகவே இரவெல்லாம் நுளம்புத்திரி எரியும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற திரிகளை எரித்துப் பார்த்த 2003 ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒரு திரி விடும் நுண்ணிய தூசு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டது. கதவு யன்னலைப் பூட்டிய அறையில், பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிற பொருள் அது! பெரும்போக அறுவடை நேரத்துப் பதர்த் தூசையும், வைக்கோல் எரிக்கிற புகையையும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றில்லை. மாமியார்மார் குளிசையைக் கணக்கெடுத்த அளவுக்குத் திரியைக் கணக்கெடுத்ததில்லை.

மருந்து விடயத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அது பனடோல் அல்ல. நாரி வலிக்கு, மூட்டு வலிக்கு என்று பாமசியில் சொன்னதும் எடுத்துத் தருகிறார்களே, டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவை, அவைதான். "நல்லாக் கேக்கிற குளிசை" என்று அதற்கு எங்கள் பக்கத்தில் பெயர். 2020 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 20 கிழமைக்குப் பிறகு கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பன்னீர்க்குடத்து நீர் குறையலாம். கடைசி மூன்று மாதத்தில் இன்னும் ஆபத்து. வயிற்றிலிருக்கும் பிள்ளை சுவாசிப்பதில்லை. அதன் இரத்தம் நுரையீரலைச் சுற்றிப் போவதற்கு இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் திறந்திருக்கும். பிறந்த பிறகு மூட வேண்டிய அந்தக் குழாயை இந்த மருந்துகள் முந்தியே மூடிவிடக்கூடும். அப்படியானால் பிள்ளை பிறந்ததும் மூச்சுக்குத் தவிக்கும். மாமனாரின் முழங்கால் வலிக்கு வாங்கிய குளிசையை எடுத்து மருமகள் விழுங்குவது எங்கள் வீடுகளில் நடக்கிற காரியம்தான். டெங்குக் காலத்தில் கர்ப்பிணி மட்டுமல்ல, யாருமே காய்ச்சலுக்கு இவற்றையும் ஆஸ்பிரினையும் தொடக்கூடாது, இரத்தப்போக்கு வரும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பிரஷர் கூடும் என்று பயந்து கிளினிக்கில் வைத்தியரே சில தாய்மாருக்குச் சின்ன அளவில் ஆஸ்பிரின் தருவதுண்டு. அதை நீங்களாக நிறுத்தக்கூடாது.

பனடோலிலும் அளவு இருக்கிறது. 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்பென்றால் அதிலும் குறைக்க வேண்டும், எவ்வளவு என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். எங்கள் பெண்களில் எத்தனை பேர் 50 கிலோவைத் தாண்டுகிறார்கள்? தடிமனுக்கென்று கடையில் தரும் பல குளிசைகளுக்குள்ளும் பரசிற்றமோல் கலந்திருக்கிறது. அதையும் குடித்து, மேலே பனடோலையும் குடித்தால் ஈரலுக்குக் கேடு.

கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் போடுங்கள், முதல் நாளே வைத்தியரிடமும் போங்கள். டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று இரத்தம் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தங்கச்சிக்கு டெங்குதான். ஒரு கிழமை வாட்டில் இருந்து சுகமாக வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று தலையிடி. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், மேல் வயிற்று நோ என்று வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அது பிரஷரின் அடையாளமாக இருக்கலாம். குளிசை வலியைத் தணிக்கும், பிரஷரை இறக்காது. இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது. 2014 க்கு முன், பாதை கட்டிய பிறகு வலி கண்ட பெண்கள் கரையில் காத்துக்கிடந்த காலம் ஒன்றிருந்தது.

நாளாந்தம் குடிக்கிறவர்களைப் பற்றி எழுதாமல் விட என்னால் முடியவில்லை. ஒரு மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் பனடோல் தேவைப்படுகிறதென்றால் அது குளிசையின் பிரச்சினை அல்ல. உடம்பில் சன்னம் இருக்கிறவர்கள், அடி உதையை மறைக்கிறவர்கள், காணாமல் போனவரைத் தேடித் தேடி நித்திரை தொலைத்தவர்கள், நுண்கடன் தவணை நாளுக்கு முதல் நாளே தலையிடிக்கிறவர்கள் என்று எல்லோரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் குளிசையை விடு என்று சொல்வது சுகம். ஏன் குடிக்கிறாய் என்று கேட்கத்தான் ஆளில்லை. கர்ப்பப் பதிவேட்டில் நிறை, பிரஷர், இரத்தம் எல்லாம் எழுதுகிறார்கள். எத்தனை நாளாக என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்பதை நீங்களாகவே மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். பழைய காய வலிக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது, மனப்பாரத்துக்கு மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலப் பிரிவுக்குப் போகிறவர் எல்லாம் பைத்தியம் அல்ல.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போய் நான் படித்ததையெல்லாம் மாமியாரும் இருக்கத்தக்கதாகச் சொன்னேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தா. தன் தம்பியின் முட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அவனுக்குச் சின்னனிலயே இருந்த" என்றா. அக்கா என்னைப் பார்த்தா, பிறகு அடுப்படிக்குப் போய்விட்டா.

மகன் அன்று வீட்டில் இருந்தான். அவனிடம் பம் இருந்தது, ஆனால் பாவிப்பதில்லை. பம் பழகினால் சாகும்வரை விட ஏலாது என்று யாரோ சொன்னார்களாம். பெண்பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம். முட்டு என்று தெரிந்தால் கலியாணம் பேசி வரமாட்டார்கள் என்று பம்மை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். பம்மில் வருவது மிகச் சிறிய அளவு மருந்து, நேரே நெஞ்சுக்குப் போகிறது. அது போதையும் அல்ல, பழக்கமும் அல்ல. இழுப்பை அப்போதைக்கு ஆற்றுகிற பம் ஒன்று, வராமல் தடுக்க ஒவ்வொரு நாளும் பிடிக்கிற பம் இன்னொன்று. இழுப்பில்லாத நாளிலும் இரண்டாவதை நிறுத்தக்கூடாது என்பதைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. சின்னப் பிள்ளைகளால் மூச்சை இழுத்து நேரே பம் பிடிக்க முடியாது, இடையில் ஒரு குடுவை வேண்டும். கடையில் அது விலை. தென்னாபிரிக்காவில் 1999 இல் செய்து பார்த்தார்கள்: 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுக்கமாகப் புகும் அளவுக்குத் துளை போட்டு, சுற்றிக் காற்றுப் போகாமல் அடைத்து, போத்தல் வாயைப் பிள்ளையின் வாயில் வைத்துப் பிடித்தால் கடைக் குடுவை அளவுக்கே வேலை செய்கிறது. துளையின் அளவையும் பிடிக்கிற முறையையும் கிளினிக்கில் ஒரு தரம் காட்டித் தரச் சொல்லுங்கள். போத்தலைக் கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும்.